நீள ஹாலில் ஸ்பீக்கர்: குட்டைச் சுவரிலா, நீளச் சுவரிலா?

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் நிறைய பழைய வீடுகளில் ஹால் ரயில் பெட்டி மாதிரிதான். 10 அடி அகலம், 20 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கரை 10 அடிச் சுவரில் (குட்டைச் சுவர்) வைப்பதா, 20 அடிச் சுவரில் (நீளச் சுவர்) வைப்பதா?

இடம்
குட்டைச் சுவர்: நடக்க வழி இருக்கும், டிவியும் நடுவில் உட்காரும்.
நீளச் சுவர்: சமையலறைக்குப் போகிற எல்லாரும் பாட்டுக்குக் குறுக்கே நடப்பார்கள்.

தெளிவு
குட்டைச் சுவர்: பக்கச் சுவர்கள் மிக அருகில் இருப்பதால் அங்கே பட்டுத் திரும்பும் ஒலி சில மில்லிசெகண்டிலேயே நேர் ஒலியோடு கலந்து குரலை மங்கலாக்கும். இதற்கு வழி உண்டு, நீங்கள் சோபாவில் இருந்துகொண்டு ஒருவரைப் பக்கச் சுவரோடு கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள், அதில் ஸ்பீக்கர் தெரிகிற இடத்தில் கனமான திரையோ புத்தக அலமாரியோ வையுங்கள், மாற்றம் உடனே கேட்கும்.
நீளச் சுவர்: இந்தத் தொல்லை குறைவு. வயலின் ஒருபுறம், மிருதங்கம் ஒருபுறம் என்று அழகாகப் பிரியும்.

பேஸ் (அடிநாதம்)
குட்டைச் சுவர்: சோபாவைப் பின்சுவரிலிருந்து 3, 4 அடி முன்னால் இழுக்கலாம். ஹாலின் நட்ட நடுவில் மட்டும் வேண்டாம், அங்கே அடிநாதம் மெலிந்துவிடும்.
நீளச் சுவர்: அகலம் 10 அடிதான் என்பதால் தலை எதிர்ச் சுவரை ஒட்டியே இருக்கும், 56 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள அடிநாதம் கும்மென்று வீங்கும்.

வீட்டோடு சேர்ந்து படம் பார்ப்பவர்களுக்குக் குட்டைச் சுவர்தான் சரி. சின்ன ஸ்பீக்கரில் தனியாகக் கச்சேரி கேட்பவர் என்றால் தயங்காமல் நீளச் சுவருக்குப் போங்கள்.