சைக்கிள் விற்பதாகச் சொல்லி 17 இலட்சம் வொன் மோசடி: கொரியாவில் இருக்கும் ஆசிரியர்கள் கவனத்திற்கு

கொரியாவில் பயன்படுத்திய பொருட்களை வாங்கவும் விற்கவும் எல்லோரும் நாடும் செயலிகளில் ஒன்றின் வழியாக, கடந்த வெள்ளிக்கிழமை இரவு என்னிடமிருந்து 17 இலட்சத்து 1,000 வொன் பறிக்கப்பட்டுவிட்டது. கனடிய டொலரில் ஏறத்தாழ 1,700. ஹாக்வொன் எனப்படும் தனியார் கல்விநிலையத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் எனக்கு அது ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி. அந்தச் செயலியின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. ஆனால் நடந்ததை முழுமையாக எழுதுகிறேன், ஏனெனில் புதிதாக வந்து இறங்கும் ஒவ்வோர் ஆசிரியரும் மேசை, நாற்காலி, சோறு சமைக்கும் குக்கர் வரை எல்லாவற்றையும் இப்படியான செயலிகளில்தான் தேடுகிறார்.

நான் தேடியது ஒரு சைக்கிள். இஞ்சொனில் தொடங்கிப் புசானில் முடியும் 633 கிலோமீட்டர் நீளமான சைக்கிள் பாதையைப் பற்றி இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வழிநெடுக நிற்கும் சிவப்புச் சாவடிகளில் சிறு கையேட்டில் முத்திரை குத்திக்கொண்டே போகலாம். நான் வசிக்கும் தேகு நகரின் ஓரமாக, கங்ஜொங் கோரியொங் தடுப்பணையைத் தொட்டபடி அந்தப் பாதை செல்கிறது. வகுப்புகள் இரவு வரை நீளும் வேலையில் சனியும் ஞாயிறும் மட்டுமே எனக்கென்று இருப்பவை. அவற்றை அந்த ஆற்றங்கரையில் கழிக்கவேண்டும் என்பதற்காகவே பணம் சேர்த்து வந்தேன்.

8 இலட்சத்து 50 ஆயிரம் வொன்னுக்கு ஒரு நல்ல சைக்கிள் விற்பனைக்கு வந்திருந்தது. விற்பவர் தான் தொலைவில், கிழக்குக் கரையோர நகரான கங்னுங்கில் இருப்பதாகவும், நேரில் சந்திக்க இயலாது, கூரியரில் அனுப்பிவைப்பதாகவும் எழுதினார். நான் உடனே பணத்தை அனுப்பிவிடவில்லை. அன்றைய திகதியும் என்னுடைய பயனர் பெயரும் எழுதிய ஒரு தாளைச் சைக்கிளின் இருக்கையில் வைத்துப் படம் எடுத்து அனுப்பும்படி கேட்டேன். சில நிமிடங்களில் அனுப்பினார். அந்தத் தாளின் ஓரம் காற்றில் மடங்கியிருந்ததும், பின்னால் யாரோ கழற்றிப் போட்ட செருப்புகள் தெரிந்ததும் எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கின்றன. பொலிஸ் திணைக்களத்தின் மோசடித் தேடல் பக்கத்தில் அவருடைய தொலைபேசி இலக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். எந்தப் பதிவும் இல்லை என்று வந்தது. கடைசி மூன்று மாதங்களில் மூன்று முறையாவது முறைப்பாடு செய்யப்பட்ட இலக்கங்களையே அந்தப் பக்கம் காட்டும் என்பதைப் பொலிஸ் நிலையத்தில் வைத்துத்தான் எனக்குச் சொன்னார்கள். தன்னுடைய மகளும் ஹாக்வொனில் ஆங்கிலம் படிக்கிறாள் என்றும், ஆசிரியருக்கு விற்பதில் மகிழ்ச்சி என்றும் எழுதி, கேட்காமலேயே கூரியர் கட்டணத்தையும் தானே ஏற்பதாகச் சொன்னார். அந்த இடத்தில்தான் நான் அவரை முழுவதுமாக நம்பினேன்.

இந்தச் செயலிக்குள்ளேயே பாதுகாப்புக் கொடுப்பனவு முறை இருக்கிறது. பொருள் கிடைத்ததாக நாம் உறுதிசெய்யும் வரை பணம் விற்பவரிடம் போகாது. அதை நான் பயன்படுத்தவே முயன்றேன். ஆனால் நம்மில் பலருக்கு இருப்பது போல எனக்கும் நீளமான பெயர். குடிவரவு அட்டையில் ஒரு விதமாகவும், வங்கியில் பாதியில் வெட்டப்பட்டும், தொலைபேசி நிறுவனத்தில் இடைவெளி இல்லாமலும் பதிவாகியிருக்கும் அந்தப் பெயரை அடையாளச் சரிபார்ப்பு ஒருபோதும் ஏற்பதில்லை. அதை விற்பவரிடம் சொன்னதும், வெளிநாட்டவருக்கும் வேலைசெய்யும் வேறொரு பாதுகாப்புக் கொடுப்பனவு என்று ஓர் இணைப்பை அனுப்பினார். நாட்டில் எல்லோரும் பயன்படுத்தும் ஒரு கொடுப்பனவுச் சேவையின் நிறம், சின்னம், எழுத்து எல்லாம் அச்சொட்டாக இருந்த பக்கம் அது. அதில் காட்டிய கணக்குக்கு 8 இலட்சத்து 50 ஆயிரம் வொன் அனுப்பினேன்.

உடனே அந்தப் பக்கத்தில் ஓர் அறிவித்தல் வந்தது: சேவைக் கட்டணமான 1,000 வொன் சேர்க்கப்படாததால் கொடுப்பனவு பதிவாகவில்லை, சரியான தொகையான 8 இலட்சத்து 51 ஆயிரத்தை மீண்டும் செலுத்தினால் முதல் தொகை தானாகவே திரும்பிவிடும். விற்பவரும் தனக்கு முன்பு இப்படி நேர்ந்ததாகவும் பத்து நிமிடத்தில் பணம் திரும்பியதாகவும் சொல்லி, திரும்பி வந்ததற்கான திரைப்பிடிப்பையும் காட்டினார். இரண்டாவது தொகையும் போனது. அதன்பின் திருப்பிக்கொடுக்கும் தொகை குறைந்தது 30 இலட்சமாக இருக்கவேண்டும், மீதியையும் செலுத்துங்கள் என்றார்கள். நான் மறுத்ததும் விற்பவரின் கணக்கு செயலியிலிருந்தே மறைந்துவிட்டது. 17 இலட்சத்து 1,000 வொன்!

அதற்குப் பிறகு நடந்தவைதான் இன்னும் வயிற்றெரிச்சலைத் தருகின்றன. செயலியின் உதவிப் பிரிவிடமிருந்து கொரிய மொழியில் முன்பே எழுதிவைக்கப்பட்ட ஒரே பதில்தான் வந்தது: கொடுப்பனவு தங்களுடைய முறைக்கு வெளியே நடந்ததால் தலையிட இயலாது. அந்த முறைக்குள் வெளிநாட்டவரை நுழையவிடாதது யார் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. வங்கியை அழைத்து அந்தக் கணக்கை முடக்கும்படி மன்றாடினேன். தொலைபேசியில் மிரட்டியோ ஆள்மாறாட்டம் செய்தோ பணம் பறித்தால் உடனே முடக்கச் சட்டம் இருக்கிறது, பொருள் விற்பதாகச் சொல்லி ஏமாற்றினால் அந்தச் சட்டம் பொருந்தாது, பொலிஸ் கடிதம் கொண்டுவாருங்கள் என்றார்கள். பணம் அந்தக் கணக்கில் அப்போதும் இருந்திருக்கலாம்! நுகர்வோர் ஆலோசனைக்கான 1372 இலக்கத்தில், இது வர்த்தக நிறுவனத்துடனான பிணக்கு அல்ல, தனிநபர்களுக்கிடையிலானது என்று கைவிரித்தார்கள். திங்கட்கிழமை காலை பொலிஸ் நிலையத்தின் சைபர் பிரிவுக்குப் போனால், பணம் அனுப்பிய உறுதிச் சான்றிதழ் வங்கி முத்திரையுடன் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள்; அதை எடுத்துக்கொண்டு மீண்டும் போனபோது, கணக்குக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் வங்கிக் கணக்கை வாடகைக்கு விட்ட யாரோ ஒருவராக இருப்பார், மாதக்கணக்கில் ஆகும் என்றார் விசாரணை அதிகாரி. குற்றவாளி பிடிபட்டு வழக்கு நீதிமன்றம் போனால் அங்கேயே நட்டஈட்டு உத்தரவு கேட்கலாமாம். நான் பணிபுரியும் இடத்தின் இயக்குநரோ, மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வார வகுப்பு அட்டவணையை நீட்டினார். 17 இலட்சத்து 1,000 வொன்னை எப்படி மறப்பது?

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போது முடிந்ததை மட்டும் எழுதுகிறேன். உரையாடலில் வரும் கொடுப்பனவு இணைப்பு எதையும் தொடாதீர்கள், செயலிக்குள் இருக்கும் பொத்தானைத் தவிர. பணம் பெறும் கணக்கில் நிறுவனப் பெயரோடு தனிநபர் பெயரும் ஒட்டியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கட்டணம் விடுபட்டது, மீண்டும் அனுப்புங்கள் என்றால் அது மோசடியேதான். கொரிய மொழி தெரியாவிட்டால் 1345 என்ற குடிவரவு உதவி இலக்கத்தில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். உரையாடல் மறைவதற்குள் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதே மாதிரிச் சைக்கிள் விளம்பரத்தில் பணம் இழந்த வேறு யாராவது இருந்தால், தொகை சிறிதாக இருந்தாலும் முறைப்பாடு செய்யாமல் விடாதீர்கள். மூன்று முறைப்பாடுகள் சேர்ந்தால்தான் அந்த இலக்கம் பொலிஸ் தேடலில் தெரியும். என்னுடையது ஒன்று பதிவாகிவிட்டது.