கர்ப்ப காலத்தில் எந்த யோகா? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

"கர்ப்பிணி யோகா செய்யலாமா?" என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. யோகா என்ற ஒரே பெயரில் தன்மையிலேயே மாறுபட்ட பல பயிற்சிகள் நடக்கின்றன. எது, யார் கண்காணிப்பில், எத்தனையாவது மாதத்தில் என்று பிரித்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

முதலில் ஒதுக்க வேண்டியது ஹாட் யோகா. ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிய அறையில் செய்வது அது. கருவுற்ற முதல் வாரங்களில் தாயின் உடல் வெப்பம் 39 டிகிரியைத் தாண்டினால், குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாவதில் குறை ஏற்படும் அபாயம் கூடுகிறது. பிற்பகுதியிலும் நீரிழப்பும் மயக்கமும் வரக்கூடும். எத்தனை ஆண்டுப் பழக்கம் இருந்தாலும் இதை நிறுத்திவிடுங்கள்.

உண்மையான போட்டி, எல்லோருக்குமான பொது வகுப்புக்கும் கர்ப்பிணிகளுக்கென நடத்தும் வகுப்புக்கும் இடையில்தான். பொது வகுப்பில் குப்புறப் படுக்கும் ஆசனங்கள், வயிற்றை அழுத்தி முறுக்கும் ஆசனங்கள், வேகமாக மூச்சை இழுத்துவிடும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்கும் கும்பகம் எல்லாம் வழக்கமாக வரும். கர்ப்பிணி இவை அனைத்தையும் தவிர்க்க வேண்டும். சுமார் 20 வாரங்களுக்குப் பிறகு நெடுநேரம் மல்லாந்து படுத்தால், கருப்பையின் எடை பெரிய ரத்தக்குழாயை அழுத்தி இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைக்கும். அதனால் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்தைக்கூட இடப்பக்கம் ஒருக்களித்துச் செய்வதே நல்லது. என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறொன்று. ரிலாக்ஸின் போன்ற ஹார்மோன்களால் மூட்டு இணைப்புகள் தளர்கின்றன. முன்பு எட்டாத கால்விரல் இப்போது எட்டுகிறது, வலியும் இல்லை. அதை முன்னேற்றம் என்று நினைத்து இன்னும் வளைபவருக்கு இடுப்பெலும்பு மூட்டுகளில் வலி பிறகுதான் தெரியவரும். கூட்டமான பொது வகுப்பில் இதைக் கவனித்துத் தடுக்க ஆசிரியருக்கு நேரம் ஏது?

கர்ப்பகால வகுப்பில் ஆசனங்களே மாற்றி அமைக்கப்பட்டிருக்கும்: சுவரைப் பிடித்து நிற்பது, தலையணை வைத்துச் சாய்வது, பாதி அளவே நீட்டுவது. இந்த வழிக்குச் சான்றும் இருக்கிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், நிறைமாதத்தை நெருங்கிய 25 பெண்கள் 26 ஆசனங்களைச் செய்தபோது குழந்தையின் இதயத்துடிப்பு இயல்பாகவே இருந்தது. ஆனால் அவர்கள் சிக்கல் ஏதுமற்ற கர்ப்பிணிகள், கண்காணிப்பில் செய்தவர்கள். அந்த முடிவை எல்லோருக்கும் நீட்டிவிடக் கூடாது.

காணொளி பார்த்து வீட்டில் செய்வதை, நேரில் கற்ற பிறகே நான் ஏற்பேன். உங்கள் முழங்கால் கோணலாக இருப்பதைத் திரை பார்க்காது.

யோகாவே வேண்டாம், நடக்கிறேன் என்பவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. தடை இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. மெதுவான ஆசனங்கள் பல நேரங்களில் இதயத்துடிப்பை அந்த அளவுக்கு உயர்த்துவதில்லை. முதுகுவலிக்கு நீச்சலும் இதம். உடலின் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். மூச்சைச் சீராக்கவும் மனப் பதற்றத்தைத் தணிக்கவும் யோகா உதவும். ஆகவே என் தேர்வு, கர்ப்பகால வகுப்போடு நடையையும் சேர்த்துக்கொள்வது. தகுந்த ஆசிரியர் கிடைக்காவிட்டால் நடை மட்டும் போதும்.

நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருப்பவர்கள், கருப்பை வாய் பலவீனமானவர்கள், கர்ப்பகால ரத்த அழுத்தச் சிக்கலோ கடும் ரத்தச்சோகையோ உள்ளவர்கள், குறைமாதப் பிரசவ அபாயம் இருப்பவர்கள் இந்த ஒப்பீட்டை ஒதுக்கிவிட்டு மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். மற்றவர்களும் ரத்தக்கசிவு, பனிக்குட நீர் கசிதல், தலைச்சுற்றல், நெஞ்சுவலி, கெண்டைக்கால் வீக்கம், விட்டுவிட்டு வரும் வயிற்று இறுக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள்.