தரகரின் சீட்டா, யூனிட் டிரஸ்ட் அறிக்கையா?

போன கிழமை வெள்ளவத்தையில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு கடதாசிகள் கிடந்தன. ஒன்று, அவர் முன்பு கொஞ்சம் பங்கு வாங்கியபோது விலையும் கட்டணமும் எழுதித் தரகர் அனுப்பிய சீட்டு. மற்றது, ஒரு யூனிட் டிரஸ்டின், அதாவது பலரின் காசைச் சேர்த்து முதலீடு செய்யும் நிதியின், விளக்க அறிக்கை. கையில் ஈ.பி.எஃப் காசு ஐந்து இலட்சம். "எதில போடுறது, சொல்லு தம்பி" என்றார்.

செலவு என்று பார்த்தால் தரகரின் சீட்டுதான் தெளிவு. கொழும்பு பங்குச் சந்தையில் சாதாரணக் கொடுக்கல் வாங்கலுக்கு 1.12 சதவீதம் போகும். அதில் 0.64 தரகருக்கு, மிச்சம் சந்தைக்கும் அதை மேற்பார்க்கும் ஆணைக்குழுவுக்கும் அரசின் வரிக்கும். ஐந்து இலட்சத்துக்கு வாங்கினால் 5,600 ரூபாய், அதே விலைக்கு விற்றால் இன்னொரு 5,600. ஆனால் நாம் அடிக்கடி வாங்கி விற்றால்தான் தரகருக்கு வருமானம் என்பதைச் சீட்டு சொல்லாது. "இதை வித்துப்போட்டு அதை வாங்குங்கோ" என்று தரகரின் ஆலோசகர் சொல்லும்போது அது நமக்காகவா, தரகுக்காகவா? என்னை உறுத்துவது இதுதான்.

யூனிட் டிரஸ்டில் தனிச் சீட்டு வராது. முகாமைக் கட்டணத்தை நிதியிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். நாம் பார்க்கும் அலகு விலை அது கழிந்த விலை. கண்ணில் படாத செலவு, உண்மைதான். ஆனால் எத்தனை சதவீதம், நிதியின் சொத்தைக் காக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளர் யார், வெளியேறும்போது கட்டணம் பிடிப்பார்களா என்பதெல்லாம் காசு போடுமுன்பே அறிக்கையில் இருக்கும். அக்காவிடம் இருந்ததில் கட்டணப் பக்கம் பின்னால் சின்ன எழுத்தில் இருந்தது. அவர் அதுவரை புரட்டவே இல்லை.

அமெரிக்காவில் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகர் ஏடிவி என்ற படிவத்தின் இரண்டாம் பாகத்தை வாடிக்கையாளரிடம் கொடுக்க வேண்டும். ஐந்தாவது தலைப்பு கட்டணம். ஒன்பதாவது, முன்பு ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானாரா என்பது. 2020 முதல் சாதாரண முதலீட்டாளருக்கு ஒரு சுருக்கப் படிவமும் உண்டு. அதில் இந்த ஒழுங்கு நடவடிக்கைக் கேள்விக்கு ஆம், இல்லை என்றே பதில் எழுத வேண்டும். இங்கே தரகரிடம் போகிறவர்களும் கட்டணம், ஒழுங்கு நடவடிக்கை இரண்டையும் வாய்விட்டுக் கேளுங்கள்.

தானே தினமும் சந்தையைப் பார்க்கிறவருக்குத் தரகர் சரி. அக்காவுக்கு யூனிட் டிரஸ்ட் என்றேன். அப்புறம் பேனையை எடுத்து அந்தக் கட்டண வரியின் கீழ் கோடு போட்டுக் கொடுத்தேன்.