கீரி மீனும் குறுணலும் பக்கற் சாப்பாடும்: ஐந்து பிராணிகளோடு ஆறு வருடம்

எங்கள் வீடு மட்டக்களப்பு, கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிறது. 2019 ஆம் ஆண்டிலிருந்து இரண்டு நாய்களும் மூன்று பூனைகளும் எங்களோடு வளர்கின்றன. கறுப்பியும் டொமியும் நாய்கள். செம்பன், வெள்ளச்சி, குட்டி மூன்றும் பூனைகள். எல்லாமே தெருவிலிருந்து வந்து வாசலில் ஒதுங்கியவை. வீட்டில் ஒரு சம்பளம்தான். அதற்குள் இந்த ஐந்து வாய்க்கும் நல்ல சாப்பாடு கொடுப்பது எப்படி என்று படித்தும், கால்நடை வைத்தியரிடம் கேட்டும், இரண்டு தடவை பிழை விட்டுப் பயந்தும் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் இங்கே எல்லா வீட்டிலும் நடப்பதுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. மத்தியானம் மிஞ்சிய சோற்றில் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து வைப்போம். அம்மா, "மனே, அதுகள் காலங்காலமா எங்கட சாப்பாட்டைத்தானே திண்டு வளர்ந்ததுகள்" என்பார். நாயைப் பொறுத்தவரை அதில் பாதி உண்மை இருக்கிறது. மனிதரோடு வாழத் தொடங்கிய பிறகு மாப்பொருளைச் செரிக்கும் திறன் நாய்க்குக் கூடியிருப்பதை 2013 இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. ஓநாயால் முடியாத அளவு சோற்றை நாயால் செரிக்க முடியும். பூனை அப்படியல்ல. அதன் உடம்பு இறைச்சிக்கென்றே அமைந்தது. டோரின் என்ற சத்தை அது உணவிலிருந்துதான் போதிய அளவு பெறவேண்டும். சோற்றில் அது கிடையாது. டோரின் குறைந்தால் கண் பார்வையும் இதயமும் மெல்ல மெல்லக் கெடும். இதயக் கோளாறுக்கும் டோரின் குறைவுக்கும் உள்ள தொடர்பு 1987 இல் கலிபோர்னியாவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் பூனைத் தீன் கம்பனிகள் டோரினைக் கூட்டிச் சேர்க்கத் தொடங்கின.

குழம்பில் இன்னொரு சிக்கல் வெங்காயமும் உள்ளியும். இரண்டும் நாய், பூனை இரண்டினதும் சிவப்பு இரத்த அணுக்களை உடைக்கும். பூனைக்குப் பாதிப்பு அதிகம். சமைத்தாலும் அந்தக் குணம் போகாது. கிழக்கிலே வெங்காயம் போடாத குழம்பு ஏது? இதை அறிந்த நாளிலிருந்து எங்கள் கறிச்சட்டியிலிருந்து அவற்றுக்கு ஒரு கரண்டிகூடப் போவதில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பக்கற் சாப்பாட்டுக்கு மாறினோம். மீன் சந்தைக்குப் போக வழியில்லை, பக்கற் கெட்டுப்போகாது, அளந்து போட்டால் வேலை முடிந்தது. நான்கு மாதம் பூனைகளுக்கு உலர் தீன் மட்டும்தான். யூலையில் கச்சான் காற்று சுழன்றடிக்கும் வெயிலில் செம்பன் மணல் தட்டில் போய்க் குந்துவதும் எழும்புவதுமாக இருந்தான். மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு இரவு முழுக்கச் சும்மா இருந்துவிட்டோம். காலையில் வயிற்றைத் தொட்டால் கத்தினான். சிறுநீர்ப் பாதை அடைத்திருந்தது. வைத்தியர் மயக்க மருந்து கொடுத்துக் குழாய் விட்டுத்தான் சிறுநீரை எடுத்தார். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் உயிர் தப்பியிருக்காது என்றார். ஆண் பூனை அடிக்கடி குந்தியும் சிறுநீர் வரவில்லை என்றால், தயவுசெய்து விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

அன்று அவர் சொன்ன கணக்கு மனதில் நின்றுவிட்டது. உலர் தீனில் தண்ணீர் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில்தான் இருக்கும். மீனில் எழுபது பங்குக்கு மேல். பூனை இயல்பிலேயே தாகம் குறைந்த பிராணி, சாப்பாட்டிலிருந்தே தண்ணீரைப் பெற்றுப் பழகியது. உலர் தீன் மட்டும் தின்னும்போது அந்தக் குறையை அது குடித்து ஈடுசெய்வதில்லை. அடைப்புக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும் தண்ணீர்க் குறைவு முக்கியமான ஒன்று. அன்றிலிருந்து எங்கள் பூனைகளுக்கு இரண்டு வேளையில் ஒரு வேளை ஈரச் சாப்பாடு. உலர் தீனையும் வெந்நீர் ஊற்றி ஊறவைத்துத்தான் கொடுக்கிறோம்.

அப்புறம் 2022. மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதம் 360 ரூபாவைத் தாண்டியது. வெளிநாட்டிலிருந்து வரும் தீன் கடைத் தட்டுகளில் அரிதாகிப் போனது. கிடைத்தாலும் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கவேண்டியிருந்தது. காஸ் இல்லாத நாட்கள் அவை. அடுப்பை மிச்சம் பிடிக்க நினைத்துப் பூனைகளுக்குக் கீரி மீனைப் பச்சையாகவே போட்டோம். ஆவலோடு தின்றன. இரண்டு மாதம் போனதும் வெள்ளச்சி சாப்பாட்டை வெறுத்தாள். தலை முன்பக்கம் தொங்கியது, நடக்கும்போது தள்ளாடினாள். விற்றமின் பி1 குறைபாடு என்று வைத்தியர் சொல்லி ஊசி போட்டார். சில நாளில் தேறிவிட்டாள். கீரி, சூடை போன்ற மத்தி இனத்து மீன்கள் பலவற்றில் பி1 ஐ அழிக்கும் நொதி ஒன்று இருக்கிறது. அவித்தால் அந்த நொதி செத்துவிடும். பத்து நிமிட நெருப்பை மிச்சம் பிடிக்கப் போய் அவளை இழக்கப் பார்த்தோம்.

இந்த இரண்டு அனுபவத்துக்கும் பிறகு அமைந்த முறைதான் மூன்று வருடமாக மாறாமல் நடக்கிறது. கீரி மலிவாக வரும் நாளில் மீன்காரரிடம் மொத்தமாக வாங்கிவிடுவேன். ஒரு கிலோ பக்கற்றின் விலைக்கு அந்த நாட்களில் மூன்று கிலோவுக்கு மேல் கீரி கிடைக்கும். குடலை எடுத்துக் கழுவி, உப்பு, மஞ்சள் எதுவும் போடாமல், சிறிது தண்ணீர் விட்டுப் பிரஷர் குக்கரில் அரை மணி நேரம் வைப்பேன். முள் விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும், அதுதான் பதம். அப்படி வெந்த முள்ளிலிருந்து கல்சியம் கிடைக்கிறது. தொண்டையில் குத்தும் பயமும் இல்லை. இறைச்சியும் மீன் சதையும் மட்டும் தின்னும் குட்டிகளுக்குக் கல்சியம் போதாமல் கால் வளைவதை எங்கள் ஒழுங்கையிலேயே பார்த்திருக்கிறேன். அவித்த தண்ணீரைக் கொட்டுவதில்லை. டோரின் தண்ணீரில் கரையும் சத்து. அதில் நல்ல பங்கு அந்தச் சாற்றில்தான் நிற்கும். மீனை அந்தச் சாற்றோடு பிசைந்து, ஒரு நாளுக்கு ஒரு பெட்டி என்ற கணக்கில் குளிர்சாதனப் பெட்டியின் உறைதட்டில் அடுக்கிவிடுவேன்.

எப்போதும் மீன் என்பதும் சரியில்லை. எண்ணெய் மீன் மட்டும் தொடர்ந்து தின்றால் விற்றமின் ஈ குறைந்து பூனையின் கொழுப்பில் அழற்சி வரும். அதனால் வாரத்தில் மூன்று நாள் கோழி. காத்தான்குடியில் நான் வாங்கும் கோழிக்கடைக் காக்கா இதயத்தையும் கழுத்தையும் தனியாக எடுத்து வைப்பார். "தம்பி, எட்டு மணிக்கு முதல் வாங்க, பிறகு சாப்பாட்டுக் கடைக்காரர் கொண்டு போயிடுவாங்க" என்பார். கோழி இதயத்தில் டோரின் நிறைய உண்டு, விலையோ நெஞ்சு இறைச்சியில் பாதிகூட வராது. ஈரலை மட்டும் வாரத்துக்கு ஒரு சிறு துண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். அதில் விற்றமின் ஏ மிக அதிகம், தினமும் கொடுத்தால் உடம்பில் சேர்ந்து எலும்பைக் கெடுக்கும். கழுத்தையும் கீரிபோலவே எலும்பு நொறுங்கும்வரை அவிப்பேன். கறியில் வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும், அதை நாய்க்கும் போடவேண்டாம்.

நாய்களுக்குக் குறுணல்தான் பெரிய உதவி. அம்பாறைப் பக்கம் வயல் வேலை முடிந்ததும் சம்மாந்துறையில் இருக்கும் மச்சான் நெல் ஆலையிலிருந்து ஒரு மூட்டை எடுத்து வருவார். முழு அரிசிக்கும் குறுணலுக்கும் சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, விலையில்தான் இருக்கிறது. வெந்த சோறு ஒரு பாதி, மீன் அல்லது கோழி மறுபாதி, அதில் ஒரு பிடி அவித்த பூசணி. பதினான்கு கிலோ எடையுள்ள கறுப்பிக்கு இந்தக் கலவை நாளுக்கு 500 முதல் 550 கிராம், இரண்டு வேளையாக. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தெரியவேண்டும், கண்ணுக்கு எண்ணும்படி தெரியக்கூடாது. அதைப் பார்த்து ஒரு கரண்டி கூட்டுவேன், குறைப்பேன்.

வீட்டுச் சாப்பாடு மட்டும் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். போதாது என்பதுதான் என் முடிவு. நாகம் (சிங்க்), அயடின், விற்றமின் ஈ போன்றவை மீனும் சோறும் பூசணியும் கொண்ட கலவையில் குறைந்துபோகலாம். அதற்காகத்தான் ஒரு வேளைக்குப் பக்கற்றை வைத்திருக்கிறேன். நான்கு கிலோ பூனைக்குக் காலையில் 25 முதல் 30 கிராம் உலர் தீன், மாலையில் 110 கிராம் அளவு அவித்த மீனோ கோழியோ. நாய்களுக்குக் காலைச் சோற்றின் ஒரு பகுதிக்குப் பதிலாக ஒரு கோப்பை உலர் தீன்.

பக்கற்றைத் தெரிவு செய்யும்போது முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். முதலில் பார்க்கவேண்டியது "முழுமையான, சமச்சீர் உணவு" என்ற வாசகமும் அது குட்டிக்கா வளர்ந்ததற்கா என்பதும். அந்த வாசகம் இல்லாதது தின்பண்டம், சாப்பாடாகாது. அடுத்தது புரதம். அமெரிக்காவில் விலங்குத் தீனுக்குத் தரம் வகுக்கும் ஆஃப்கோ அமைப்பின் அளவுகோல்படி, தண்ணீரைக் கழித்த எடையில் வளர்ந்த பூனைக்குக் குறைந்தது 26 சதவீதம், வளர்ந்த நாய்க்கு 18 சதவீதம் புரதம் வேண்டும். குட்டிகளுக்கு முறையே 30, 22.5. ஈரத் தீன் பொதியில் "புரதம் 8 சதவீதம்" என்று பார்த்து ஏமாறவேண்டாம். அதில் 80 சதவீதம் தண்ணீர் என்றால், மிச்சமுள்ள 20 இல் 8, அதாவது 40 சதவீதம். உலர் தீனில் 30 என்று போட்டிருந்தால் அது 33 அளவில் வரும். ஆனால் புரத எண் மட்டும் தரத்தைச் சொல்லாது. புரதத்தை நேரடியாக அளப்பதில்லை, நைதரசனை அளந்து பெருக்கிக் கணக்கிடுகிறார்கள். இந்த ஓட்டையைப் பயன்படுத்தித்தான் கோதுமைப் புரதத்தில் நைதரசன் நிறைந்த மெலமைன் என்ற இரசாயனத்தைக் கலந்தார்கள். அதனால் 2007 இல் அமெரிக்காவில் ஏராளமான நாய் பூனைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தன. ஆகவே பொருட்பட்டியலையும் பாருங்கள். எடை கூடியது முதலில் வரும். முதல் மூன்றுக்குள் கோழியோ மீனோ இல்லாத பூனைத் தீனை நான் வாங்குவதில்லை.

மட்டக்களப்பில் நான் மாறி மாறி வாங்கியவை விஸ்காஸ், மீ-ஓ, ட்ரூல்ஸ், நாய்க்குப் பெடிக்ரீயும் ஸ்மார்ட்ஹார்ட்டும். எல்லாவற்றையும் எங்கள் பிராணிகள் தின்றன. எதை வாங்குவது என்பதை ஒரு நாளுக்கு எத்தனை ரூபா என்ற கணக்கில் முடிவு செய்கிறேன். கிலோ விலை குறைந்த தீனை இரண்டு மடங்கு போடவேண்டி வந்தால் அது மலிவே இல்லை. மலத்தின் அளவு கூடுவதிலேயே அது தெரிந்துவிடும். "தானியம் இல்லாதது" என்று எழுதிக் கூடிய விலைக்கு விற்பதற்குக் காசு கொடுக்கவேண்டாம். பருப்பும் பட்டாணியும் நிறைந்த அப்படிப்பட்ட தீனுக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 இல் விசாரிக்கத் தொடங்கியது. இன்னும் தெளிவான முடிவு இல்லை. இன்னொன்று, காசு மிச்சம் என்று நாய்த் தீனைப் பூனைக்குப் போடாதீர்கள். நாய்த் தீனில் டோரின் இருந்தே ஆகவேண்டும் என்ற விதி இல்லை.

மூட்டையை அவிழ்த்து வைத்து உதிரியாக நிறுத்து விற்பதை நான் விட்டுவிட்டேன். ஒரு மார்கழி மழையில் அப்படி வாங்கிய ஐந்து கிலோவில் பூஞ்சண வாடை வந்தது. முதலில் கவனிக்காமல் போட்டு, டொமி இரண்டு நாள் வாந்தி எடுத்தான். சோளத்தில் பிடிக்கும் சில பூஞ்சணங்கள் உண்டாக்கும் அஃப்லடொக்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. காயவைத்தாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது. நல்ல வேளையாக டொமிக்கு வாந்தியோடு நின்றது. இப்போது பக்கத்து இரண்டு வீடுகளோடு சேர்ந்து முத்திரை உடையாத பத்துக் கிலோ மூட்டை ஒன்றை வாங்கி, திறந்த அன்றே பங்கிட்டு, மூடி இறுகிய தகரத்தில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடிக்கிறோம். பெரிய மூட்டையின் விலைக் குறைவும் கிடைக்கிறது.

கருவாட்டில் உப்பு அதிகம், கொடுப்பதில்லை. வளர்ந்த பூனைக்குப் பாலும் வேண்டாம், பலவற்றுக்கு வயிறு போகும்.

செலவைச் சொன்னால், ஐந்துக்கும் பக்கற் மட்டும் கொடுத்திருந்தால் ஆகும் தொகையில் பாதிக்குச் சற்று மேல்தான் இப்போது மாதம் போகிறது. சமைக்க வாரத்தில் இரண்டு மணி நேரம் போகும். செம்பனுக்கு அடைப்புத் திரும்ப வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சிறுநீர் சோதிக்கிறோம். ஐப்பசி பிறந்துவிட்டது. கடல் கொந்தளித்து மீன் விலை ஏறுமுன் இந்தக் கிழமை நான்கு கிலோ கீரி அவித்து அடுக்கியிருக்கிறேன். அடுத்த கிழமையும் மலிவாக வந்தால் இன்னும் நான்கு கிலோ. உறைதட்டில் அதற்குமேல் இடமில்லை, மாரியின் மிச்ச நாட்களுக்குக் கோழிக் கழுத்தும் அவித்த முட்டையும்தான்.