"நுரையீரல் கழுவும்" மூலிகைத் தேத்தண்ணி: இருமலுக்குச் சரி, சிகரெட் புகைக்குச் சரிவராது

யாழ் நகரில் ஒரு மூலிகைக் கடையில் சித்தப்பாவுக்கென்று வாங்கிய பைக்கற் இது. ஆடாதோடை, துளசி, அதிமதுரம், திப்பிலி கலந்தது. நல்ல வாசம், கொஞ்சம் கைக்கும், ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் அதுவும் தெரியாது. சளி இளகுகிறது, உண்மைதான். ஆடாதோடையில் இருக்கிற வசிசின் என்ற பொருளிலிருந்துதான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தே உருவானது. இருமலுக்கான தேத்தண்ணி என்று விற்றிருந்தால் நாலு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

ஆனால் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது "புகைப்பவரின் நுரையீரலைக் கழுவி நச்சை வெளியேற்றும்" என்பது. அதை வாசித்த சித்தப்பா, காலையில் ஒரு கோப்பை குடித்தால் பின்னேரம் சிகரெட் பத்தலாம் என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். எனக்குக் கோபமே அதில்தான்.

குடிக்கிற தேத்தண்ணி இரைப்பைக்குப் போகிறது. புகை போய்ச் சேர்வது நுரையீரலுக்குள் மூச்சுக்குழாய்க் கிளைகளின் நுனியில் இருக்கிற கோடிக்கணக்கான காற்றுச் சிற்றறைகளுக்கு. அங்கே மக்ரோபேஜ் என்ற விழுங்கிக் கலங்கள் இருக்கின்றன. மூச்சோடு வருகிற தூசி, பற்றீரியா, செத்துப்போன கலங்கள் எல்லாவற்றையும் விழுங்கிக் கரைப்பது இவற்றின் வேலை, அதாவது நுரையீரலைக் கழுவுகிறவர்கள் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறார்கள். சிகரெட் புகையில் 7,000க்கு மேற்பட்ட இரசாயனங்கள், அதோடு கரையாத நுண்துணிக்கைகள். அவற்றையும் இந்தக் கலங்கள் விழுங்குகின்றன, கரைக்க முடியாமல் கபில நிறமாகத் தங்களுக்குள்ளேயே அடைத்து வைத்துக்கொள்கின்றன. புகைப்பவரின் நுரையீரலில் இவற்றின் எண்ணிக்கை மற்றவர்களைவிடப் பல மடங்கு கூட, ஆனால் வேலை குறைவு. நியூமோனியாவைத் தருகிற பற்றீரியாக்களைக்கூட ஒழுங்காக விழுங்குவதில்லை. இன்னும் மோசமானது, புகையால் சீண்டப்பட்ட இவையும் கூட வந்து சேருகிற வெண்குழியங்களும் விடுகிற நொதியங்கள் சிற்றறைச் சுவரின் மீள்தன்மை நார்களையே அரிக்கின்றன. காக்க வந்த கலமே வீட்டை இடிக்கிற நிலை. இடிந்த சுவர் திரும்ப வளராது. எம்பிசீமா என்று டொக்டர்மார் சொல்வது இதைத்தான், படியேறும்போது சித்தப்பாவுக்கு மூச்சு வாங்குவதும் இந்த வழியில்தான் தொடங்கும் என்று பயப்படுகிறேன்.

2016இல் கேம்பிரிட்ஜில் லலிதா ராமகிருஷ்ணனின் குழு (நோபல் பரிசு பெற்ற, சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை) வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. வரிக்குதிரை மீனில் தொடங்கி மனிதக் கலங்கள் வரை பார்த்திருக்கிறார்கள். புகைப்பவர்களின் மக்ரோபேஜ்கள் துணிக்கைகளால் நிரம்பி, காசநோய்க் கிருமியை நோக்கி நகரவே மாட்டாமல் கிடந்தன. புகைப்பதை விட்டவர்களின் கலங்களோ திரும்ப நகர்ந்தன! அவர்களுக்கு யாரும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கவில்லை, புகை நின்றது, அவ்வளவுதான். மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளுகிற பிசிர்களும் அப்படித்தான், விட்ட பிறகு 1 முதல் 9 மாதத்துக்குள் இருமலும் இளைப்பும் குறையத் தொடங்கும்.

இன்னொன்று, எங்கட ஆட்கள் சிலர் "நான் சிகரெட் இல்லை, சுருட்டுத்தான், ஊர்ப் புகையிலைதானே" என்பார்கள். தோட்டத்தில் எங்கே விளைந்தாலும் எரிந்தால் புகைதான், அந்தக் கலங்களுக்கு ஊர் பேர் தெரியாது.

சரி, வாங்கலாமா? தடிமன், தொண்டைக் கரகரப்புக்கு வாங்குங்கள், அதுக்கு விலையும் பரவாயில்லை. பெட்டியில் இருக்கிற அந்த வரிக்காக மட்டும் வாங்காதீர்கள், வீட்டில் புகைப்பவருக்குக் கட்டாயம் வாங்கிக் கொடுக்காதீர்கள், அவருக்கு அது சாட்டாகிவிடும். இருமல் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், அல்லது சளியில் இரத்தம் கண்டால், மார்பு நோய் கிளினிக்குக்குப் போய்ச் சளியைச் சோதிக்கக் கொடுங்கள், மூச்சை ஊதிப் பார்க்கிற சோதனையையும் கேளுங்கள். தயாரிப்பாளர் அந்த வரியை எடுத்துவிட்டு "இருமலுக்கு" என்று அச்சடித்தால் நட்சத்திரத்தைக் கூட்டுவேன். இப்போதைக்கு ஒன்று.