'நீங்கள் யார்?' என்று கேட்கும் செயலி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

தன்பாலீர்ப்பு ஆண்களுக்கான ஒரு டேட்டிங் செயலியை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். அதன் வேகத்திலும் சந்தாத் திட்டத்திலும் பெரிய குறை இல்லை. நான் எழுத நினைப்பது, சுயவிவரப் பக்கத்தில் உயரத்துக்கும் எடைக்கும் கீழே வரும் ஒரு கேள்வியைப் பற்றி மட்டுமே: டாப் (ஆசனவழிப் புணர்ச்சியில் உட்செலுத்துபவர்), பாட்டம் (ஏற்பவர்), வெர்சடைல் (இரண்டிலும் நாட்டமுள்ளவர்) ஆகிய மூன்றில் நீங்கள் யார்?

இதற்கு விடை தராமல் பதிவை முடிக்க முடியாது. தந்த பிறகு அந்தச் சொல் பெயருக்குப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. படுக்கையில் ஒருவருக்கு எது பிடிக்கும் என்பது வேறு, அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பது வேறு. இந்த இரண்டையும் செயலி ஒன்றாக்கிவிடும்போது, அதைப் பயன்படுத்துபவர்களும் அப்படியே பார்க்கப் பழகிவிடுகிறார்கள். நான் முதலில் பாட்டம் என்று குறித்தேன். மறுநாளே ஒருவர், "இவ்வளவு தாடி வைத்துக்கொண்டு பாட்டமா?" என்று கேட்டார்; இன்னொருவர் வணக்கம்கூடச் சொல்லாமல், நான் அடங்கி நடப்பவன் என்று தானே முடிவுசெய்து கட்டளையிடத் தொடங்கினார். பாட்டம் என்றால் பெண்மை, டாப் என்றால் ஆண்மையும் அதிகாரமும் என்ற இந்தக் கணக்கு, ஆண் பெண் உறவைப் பற்றி நம் மனத்தில் ஊறிப்போன எண்ணங்களிலிருந்து வந்தது. உடலின் விருப்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மென்மையாகப் பேசும் டாப்களையும், எல்லாவற்றையும் தாமே முன்னின்று நடத்தும் பாட்டம்களையும் நான் அறிவேன்.

விடுபட்டுப்போன ஒரு பிரிவினரும் உண்டு. ஆசனவழிப் புணர்ச்சியில் நாட்டமில்லாமல், முத்தம், தழுவல், கைகளாலும் வாயாலும் பெறும் இன்பம் ஆகியவற்றிலேயே நிறைவு காணும் ஆண்களைக் குறிக்க, உளவியல் சிகிச்சையாளர் ஜோ கோர்ட் 2013இல் 'சைடு' என்ற சொல்லை முன்வைத்தார். இதே வகையைச் சேர்ந்த கிரைண்டர் செயலி 2022இல் அதைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. நான் பயன்படுத்தும் செயலியில் இன்றுவரை அது இல்லை. தனக்கு ஏதோ குறை இருக்கிறது என்று பல ஆண்டுகள் நினைத்திருந்த என் நண்பர், அந்த மூன்று பெட்டிகளையும் பார்த்துவிட்டுப் பதிவு செய்யாமலே வெளியேறினார். அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

பாராட்ட வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உடல்நலப் பக்கத்தை மிகுந்த பொறுப்போடு எழுதியிருக்கிறார்கள். ஆணுறை இல்லாத புணர்ச்சியில் பாட்டமாக இருப்பவருக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்பு அதிகம், டாப்பாக இருப்பவரும் அதிலிருந்து தப்பியவர் அல்லர் என்பதையும், எச்ஐவி தொற்றாமல் தடுக்க முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் பிரெப் மாத்திரையின் பயனையும், சிகிச்சையால் இரத்தத்தில் கண்டறிய முடியாத அளவுக்கு வைரஸ் குறைந்து அப்படியே நிலைத்திருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியே தொற்று பரவாது என்பதையும் யாரையும் அச்சுறுத்தாமல் விளக்குகிறார்கள்.

இப்போது வெர்சடைல் என்று மாற்றி, அறிமுக வரியில் "ஆளைப் பொறுத்தும் நாளைப் பொறுத்தும் மாறும்" என்று எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு வந்த ஒருவர், மூன்றாவது சந்திப்பில்தான் பேச்சை எடுத்தார்: "இன்றைக்கு உங்களுக்கு என்ன பிடிக்கும்?" செயலியை உருவாக்கியவர்கள் அந்தப் பெட்டியின் மேல் இந்தக் கேள்வியை வைத்து, விடை தருவதை அவரவர் விருப்பத்துக்கு விட்டு, சைடையும் சேர்க்கட்டும். அதுவரை என் மதிப்பெண் 5க்கு 3.