பழைய பிக்கப்பின் மிஸ்ஸிங்கும் ஒரு கையடக்க ஸ்கேனரும்

மிஸ்ஸிங் அடிக்கும், அதாவது ஒரு சிலிண்டர் அவ்வப்போது எரியாமல் விட்டுப்போகும் பழைய பெட்ரோல் பிக்கப் ஒன்றில், இன்ஜின் கம்ப்யூட்டர் பதிவு செய்த கோளாறுகளைப் படிக்கும் விலை குறைந்த கையடக்க ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்றைத் தொடர்ந்து பயன்படுத்திப் பார்த்த பின் இதை எழுதுகிறேன். இதே வகைக் கருவி பல பெயர்களில் விற்கிறது; திரையின் நிறமும் பொத்தான்களின் இடமும் மாறுமே தவிர, செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

வாங்கும் முன் வண்டியின் வயதைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1996 மாடல் முதல்தான் கார்களுக்கும் இலகு ரக டிரக்குகளுக்கும் ஓ.பி.டி. 2 என்ற பொதுவான கோளாறு கண்டறியும் முறை கட்டாயமானது. 1995 மாடல் வண்டிகள் சிலவற்றில் டேஷ்போர்டுக்குக் கீழே பதினாறு பின் சாக்கெட் இருந்தாலும் உள்ளே ஓடுவது பழைய முறையாக இருக்கக்கூடும் என்பதால், சாக்கெட்டை மட்டும் நம்பாமல், பானட்டுக்கு அடியில் ஒட்டப்பட்டுள்ள புகைக் கட்டுப்பாட்டு ஸ்டிக்கரையும் படித்துவிடுவது நல்லது.

கோட், அதாவது கோளாறு எண்ணைப் படிக்கும் வேலையைக் கருவி விரைவாகவும் பிழையின்றியும் செய்கிறது. ஒரு சிலிண்டர் சரியாக எரியாதபோது கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியில் ஏற்படும் மிகச் சிறிய தளர்வை அதன் சென்சார் வழியாகக் கண்டுகொள்ளும் இன்ஜின் கம்ப்யூட்டர், எந்தச் சிலிண்டர் என்று தெரிந்தால் பி0301, பி0302 என்ற வரிசையிலும், குறிப்பாகச் சொல்ல முடியாவிட்டால் பி0300 என்றும் பதிவு செய்கிறது. என் வண்டியில் வந்தது பி0303. ஆனால் அந்தக் கோட் எண்ணுக்குக் கீழே, ஸ்பார்க் பிளக்கை மாற்றும்படி கருவி தானாகவே ஒரு யோசனை சொல்கிறதே, அதை நான் முழுமையாக வெறுக்கிறேன். மூன்றாம் சிலிண்டர் எரியாததற்குப் பிளக், ஒயர், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில், இன்ஜெக்டர், வால்வு, காற்றுக் கசிவு என எதுவும் காரணமாகலாம். கோட் சொல்வது நோயாளியின் படுக்கை எண்ணை மட்டுமே, நோயை அல்ல.

கொடுத்த பணத்துக்கு மதிப்பு இருப்பது ஃப்ரீஸ் ஃப்ரேமிலும் ஃப்யூயல் டிரிம்மிலும்தான். கோட் பதிவான நொடியில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்பதைக் காட்டும் ஃப்ரீஸ் ஃப்ரேமில், கூலன்ட் வெப்பம் 38 டிகிரி, வேகம் நிமிடத்துக்கு 700 சுற்றுகளுக்குச் சற்று மேல் என்று இருந்தது. அதாவது கோளாறு, இன்ஜின் சூடேறாமல் ஐடிலிங்கில் நின்றபோது வந்திருக்கிறது. அடுத்து நேரடித் தரவில் லாங் டர்ம் ஃப்யூயல் டிரிம்மைப் பார்த்தேன்; கலவையைச் சரிசெய்ய இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைக் காட்டும் எண் அது. ஐடிலிங்கில் 18 சதவீதம் கூடுதலாக இருந்த எண், ஆக்ஸிலேட்டரை மிதித்து 2500 சுற்றுகளில் நிறுத்தியதும் 3 சதவீதமாக இறங்கியது. காற்றின் அளவை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் கொண்ட இன்ஜினில் இது வேக்குவம் லீக்கின் அடையாளம். ஐடிலிங்கில் உள்ளே போகும் மொத்தக் காற்றே குறைவு என்பதால், சென்சாருக்குத் தெரியாமல் நுழையும் காற்று அதில் பெரும்பங்காகிறது. வேகம் கூடியதும் அதே கசிவு ஒரு பொருட்டாக இருப்பதில்லை. மாறாக, சுமை ஏற ஏற டிரிம்மும் ஏறினால் ஃப்யூயல் பம்ப், ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். என் வண்டியில் மூன்றாம் சிலிண்டரின் இன்டேக் பாதையை ஒட்டிய ரப்பர் குழாய் ஒன்று, விரலால் வளைத்தாலே பிளவு வாய் திறக்கும் அளவுக்கு இறுகிப் போயிருந்தது. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் நன்றாக ஆவியாகாததால் மெலிந்த கலவை அங்கே எரிய மறுத்திருக்கிறது. சூடான பின் அதே கலவை எப்படியோ எரிந்துகொண்டிருந்தது.

குறைகளும் உண்டு. திரையில் ஒரே நேரத்தில் பல எண்களைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொன்றும் தாமதமாகவே மாறுகிறது. இதில் பழி முழுவதையும் கருவியின் மேல் போட முடியாது: ஓ.பி.டி. 2 வந்த காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் நொடிக்கு 10.4 கிலோபிட், ஃபோர்டு வண்டிகள் 41.6 கிலோபிட் வேகத்தில்தான் தரவு அனுப்பின. இன்றைய கார்களில் அது வழக்கமாக 500 கிலோபிட். இரண்டு மூன்று எண்களோடு நிறுத்திக்கொண்டால் சமாளிக்கலாம். ஆனால் கோட் எண்ணை அழிக்கும் பொத்தானைப் படிக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே வைத்தவரை மன்னிப்பது கடினம். அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்தே போய்விடும் என்பதால், முதலில் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டர் வாரியாக மிஸ்ஃபயர் எண்ணிக்கையை இந்தக் கருவி என் வண்டியில் காட்டவில்லை. ஆகவே காயிலைச் சந்தேகிப்பவர்கள், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள இன்ஜின் என்றால், அதை வேறொரு சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, கோட் எண்ணும் கூடவே நகர்கிறதா என்று பார்க்கும் பழைய வழியையே நாட வேண்டும். தேய்ந்த ரிங், எரிந்த வால்வு போன்றவற்றைப் பற்றிக் கருவி வாய் திறக்காது. பிளக், காயில், கசிவு, இன்ஜெக்டர் எல்லாம் சரியாக இருந்தும் ஒரே சிலிண்டர் தொடர்ந்து மிஸ் ஆனால், சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜைத்தான் எடுக்க வேண்டும். ஓட்டும்போது செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினாலோ, எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும் என்பதால், ஸ்கேனரைத் தேடுவதற்கு முன் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டியை ஓரங்கட்டுவதே முதல் வேலை.